ஆயுத பூஜையன்று வந்த பதிவு

அத்தியாயம் 5

மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் கல்யாணத்தில் எனக்கே இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை என்பது ஒரு கம்ப்யூட்டர். வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிற ரகம் இல்லை. சினிமா எடிட்டிங், பாலத்துக்கு டிசைன் போடுவது என்று நாள் முழுக்க மூச்சு வாங்குகிற வேலைகளுக்காகச் செய்யப்படும் ஒர்க்ஸ்டேஷன். இன்னும் கடைக்கு வரவில்லை. வருவதற்கு முன்னால் அதை ஓடவிட்டு, சூடாக்கி, எங்கே மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை, காரைக்குடியில் மீனாட்சிசுந்தரம் நடத்தும் டெஸ்டிங் லேபுக்கு ஒரு பெரிய கம்பெனி கொடுத்திருந்தது.

லேப் இருந்த கட்டடம் முன்பு கல்யாண மண்டபம். பந்தி நடந்த ஹாலில் இப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். கை கழுவும் குழாய்கள் மட்டும் சுவரோரம் அப்படியே நிற்கின்றன. கட்டடத்தில் ஏசி உள்ள ஒரே ரூம் மணமகன் அறை என்பதால் புது மெஷினை அங்கே வைத்துப் பூட்டினார்கள். கதவில் இருந்த 'மணமகன்' போர்டை யாரும் கழற்றவில்லை. மெஷினுக்கு மாப்பிள்ளை என்ற பேர் அப்படித்தான் வந்தது.

நான் சோணை. சத்தியப்பிரியா மேடத்தின் துப்பறியும் ஆபீசில் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருகிறவர் மூன்றும் நான்தான். மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். செத்துப்போனதாகச் சர்டிபிகேட் வாங்கியவர்கள் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவதை நிறையப் பார்த்துவிட்டதாலோ என்னவோ, எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார். என் ஜோக்குகளுக்குச் சிரிக்கவும் மாட்டார்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தது ரெண்டே பேருதான்," என்றார் மீனாட்சிசுந்தரம். "நானு, அப்புறம் எங்க லேப்ல டெஸ்ட் பண்ற சந்திரலேகா. வேற யாரும் மூடியத் தெறந்தது கெடையாது. ஆனா புதன்கிழம ஆயுத பூஜ அன்னைக்கு இன்டர்நெட்ல வந்துருச்சு. பெட்டிக் கணிப்புன்னு ஒரு பக்கம் இருக்கு. வாராவாரம் புதன்கிழம, வரப்போற கம்ப்யூட்டர்ல என்ன இருக்கும்னு ஊகம் பண்ணி எழுதுவாங்க. யாரு எழுதுறான்னு யாருக்கும் தெரியாது. அதுல இந்த மெஷினோட மெமரிய அப்படியே புட்டுப் புட்டு வச்சிருக்கான்."

"மெமரில அப்படி என்னங்க ரகசியம்?" என்றார் மேடம்.

"சில கம்பெனி மெமரியப் போர்டுலயே ஒட்டி விட்ருவாக. வேகம் ஜாஸ்தி. ஆனா பின்னாடி கூட்ட முடியாது. சில கம்பெனி ஸ்லாட்டு வச்சு விடுவாக. வேணுங்கிறபோது வாங்கிச் சொருகிக்கலாம், வேகம் கொஞ்சம் மட்டு. இந்தப் புது மெஷின்ல ஒட்டுறதா, சொருகுறதான்னு உலகம் பூரா அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நெசம் என்னன்னா, இதுல ரெண்டும் இருக்கு. கொஞ்சம் ஒட்டுனது, கூடவே நாலு ஸ்லாட்டு. இத எவனும் நெனச்சுக்கூடப் பாக்கல. அந்தப் பக்கத்துல மட்டும் சரியா வந்திருக்கு."

சாயங்காலம் பெங்களூருவிலிருந்து கம்பெனிக்காரர் வீடியோ காலில் வருவார். ரகசியத்தை வெளியே விட்டது யாரென்று அதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளை போய்விட்டால் லேபை மூட வேண்டியதுதான்.

"சந்திரலேகா பேரச் சொன்னா லேப் தப்பிச்சுரும். ஆனா அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைய இந்தத் தொழில்ல ஒருத்தனும் சேக்க மாட்டான்," என்றார் மீனாட்சிசுந்தரம். "அது செஞ்சிருக்கும்னு எனக்குத் தோணல. செய்யலைங்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல."

மேடம் மாப்பிள்ளையைச் சுற்றி வந்தார். கறுப்புப் பெட்டி, இடுப்பு உயரம். பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தன. பக்கவாட்டுத் தகட்டின் ஓரம் முழுக்க ஸ்க்ரூக்கள்.

"இத்தனையவும் கழட்டித்தான் தெறக்கணுமா?"

"பதினாறு ஸ்க்ரூ. ஒவ்வொரு தடவையும் சந்திரலேகாதான் கழட்டி மாட்டும். பிளாஸ்திரி இல்லாம அது வெரல நான் பாத்ததில்ல."

"பூஜை அன்னைக்கு எல்லாரும் எங்க இருந்தீக?"

"இங்கதான். எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, பொரிகடலை வச்சு, பூசணிக்கா ஒடச்சோம். செல்போனையும் தாம்பாளத்துல வச்சுரணும்னு எங்க லேப்ல வழக்கம். மறுநாள் வரைக்கும் ஒரு மெஷினையும் தொட மாட்டோம். இதக் கம்பெனிக்காரர்ட்டச் சொன்னேன். முந்தின நாளே சொல்லிக் குடுத்திருக்கலாமேன்னு கேக்குறாரு. அதுக்கு நான் என்ன சொல்றது?"

"என் போனும் அன்னைக்கு சாமிகிட்டதான் இருந்துச்சு," என்றேன் நான். "லோன் வேணுமான்னு மூணு தடவ கூப்புட்டாக. சரஸ்வதிக்கே கேட்டாகளோ என்னவோ."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அப்படித்தான் இருந்தது. பூஜையும் விடுமுறையும் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. ஹாலில் இருந்தவர்கள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர வேலை பார்க்கவில்லை.

சந்திரலேகாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இருந்தும் வந்திருந்தாள். குழாய்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி. அவளைப் பற்றி மீனாட்சிசுந்தரம் அறையிலிருந்து வரும்போதே சொல்லியிருந்தார். கணவர் மருதுபாண்டி, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேபில் இருந்தவர், போன மார்கழியில் உடம்பு முடியாமல் போய்விட்டார். அதிலிருந்து இப்படித்தான், வருகிறாள், வேலையைப் பார்க்கிறாள், போகிறாள்.

"நீங்க யார்ட்டயாச்சும் சொன்னீகளா?" என்றார் மேடம்.

"இல்லிங்க."

"பின்ன யாரு சொல்லியிருப்பா?"

"தெரியலிங்க."

"உங்க மேல பழி போடுறாக. கோவம் வரலியா?"

யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வரலிங்க."

"கை கழுவுற எடத்துல ஒக்காந்து விசாரணை நடத்துறது இதான் எனக்கு மொதத் தடவ," என்றேன். "கேஸையும் சேத்துக் கை கழுவிருவோமோன்னு பயமா இருக்கு."

சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேடம் அவள் கையைப் பார்த்து, "வெரல் வலிக்குதா?" என்று கேட்டார்.

"தெரியலிங்க," என்றாள் சந்திரலேகா.

மேடம் எழுந்தார். போகிற போக்கில் சொல்வதுபோல, "எப்படியும் அந்தப் பக்கத்த மூடச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் போகும்," என்றார்.

"எப்ப மூடுவாக?" என்றாள் சந்திரலேகா.

"அடுத்த வாரம் ஆயிரும்."

"புதன்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் தானாகக் கேட்ட கேள்விகள் இந்த இரண்டும்தான். மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணே, வண்டிய எடுங்க. சிங்கம்புணரி," என்றார்.

* * *

சிங்கம்புணரியில் சதீஷ்குமார் என்று ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரர். பெட்டிக் கணிப்பு பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் சண்டை போடுவது அவர்தான், கடைப் பேரோடு. அந்தப் பக்கத்தை எழுதுகிறவரைத் தெரிந்த ஒரே ஆள் அவராக இருக்கலாம் என்பது மேடத்தின் கணக்கு.

ஆம்னி வேன் குன்றக்குடி தாண்டும்போது மேடம் போனைப் பார்த்து அந்தப் பதிவைச் சத்தமாகப் படித்தார்.

"ஒட்டின மெமரி என்பது சுவரோடு கட்டின அலமாரி. ஸ்லாட் மெமரி என்பது பீரோ. வீடு கட்டுகிறவன் விவரமானவனாக இருந்தால் ரெண்டையும் வைப்பான். தினம் எடுக்கிற சாமானுக்கு அலமாரி. கல்யாணம், காதுகுத்துக்கு எடுக்கிற சாமானுக்குப் பீரோ. சினிமாக்காரனுக்கு வேகம் வேண்டும், இன்ஜினியருக்கு இடம் வேண்டும். ரெண்டு பேரில் ஒருத்தனை இழக்க எந்தக் கடைக்காரனுக்கும் மனசு வராது. போன மெஷினில் ஸ்லாட் வைக்காமல் அந்தக் கம்பெனி வாங்கின திட்டு கொஞ்சமில்லை. இந்தத் தடவை ரெண்டும் வைக்காவிட்டால் நான் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். என் பேர் உங்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்."

"என்ன மாதிரி ஆளா இருப்பாரு போல," என்றேன்.

"உங்களவிட நல்லா எழுதுறாரு. அண்ணே, இது களவாண்ட தகவல் மாதிரியா இருக்கு?"

"ஏன் மேடம்?"

"களவாண்டவன் என்ன இருக்குன்னு சொல்லுவான். இவரு ஏன் இருக்கும்னு சொல்றாரு. பாத்து எழுதுறவனுக்குக் காரணம் எதுக்கு?"

கயிற்றுக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருந்தது சதீஷ்குமாரின் கடை. வாசல் ஷட்டரில் பூஜைக் குங்குமம். பிரிண்டர், சால்டரிங் அயர்ன், கால்குலேட்டர், மின்விசிறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். கல்லாப்பெட்டிக்கு மட்டும் ரெண்டு.

"அந்த ஆளா?" என்றார் சதீஷ்குமார். "பேரு தெரியாது. பாத்ததும் இல்ல. நம்ம பக்கத்து ஆளுன்னு மட்டும் தெரியும். சண்ட முத்திருச்சுன்னா அங்குட்டு இங்குட்டுன்னு நம்ம பேச்சு வந்துரும். விடிய விடியச் சண்ட போடுவோங்க. ஒட்டுற மெமரிதான் வரும்னு நான், ஸ்லாட்டுதான்னு அவரு. ஒரு வார்த்த சொன்னா ஒம்பது வார்த்த பதில் வரும். இப்ப ஒண்ணும் சுவாரசியம் இல்ல."

"ஏன்?"

"பதில் சொல்றதே இல்லிங்க. வாராவாரம் புதன்கிழம டாண்ணு பதிவு வருது. கீழ நான் என்ன எழுதுனாலும் கம்முனு இருக்காரு. நான் மட்டும் இல்ல, ஒருத்தருக்கும் பதில் இல்ல."

"என் மாமனாரும் அப்படித்தான்," என்றேன். "அவரு பேசுவாரு. நம்ம பேசுறது அவருக்குக் கேக்காது."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "எம்புட்டு நாளா பதில் இல்ல?" என்று சதீஷ்குமாரிடம் கேட்டார்.

"வருஷம் ஆகப்போகுது. போன கார்த்திகை மாசம்தான் கடைசி. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வந்து உம்ம கவனிச்சுக்கிறேன்னு எழுதியிருந்தாரு. ஆனா பதிவு நிக்கலியே, அதனால நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன். எம்மேலதான் ஏதோ கோவமா இருக்கும்."

மேடம் அந்தப் பதிவைப் போனில் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஆயுத பூஜைக்கு அவரு பதிவு போடுவாரா?" என்றார். நானும் சதீஷ்குமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அட, அது எனக்குத் தோணலயே," என்றார் சதீஷ்குமார். "முன்ன ஒரு தடவ புதனும் பூஜையும் ஒண்ணா வந்துச்சுங்க. அன்னைக்குப் பதிவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமதான் போட்டாரு. பெட்டிக்குப் பொட்டு வச்சாச்சு, அது படுத்துத் தூங்கட்டும், எழுப்ப மாட்டேன்னு எழுதியிருந்தாரு. நான் கூட அதுக்குக் கிண்டல் பண்ணேன். இந்தத் தடவ பூஜை அன்னைக்கே வந்திருக்கு."

கடைச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்கியது. ஒரு ஸ்வீட் ஸ்டால் கொடுத்தது. மேடம் அதன் எதிரில் போய் நின்றார்.

"இது எப்ப வந்துச்சு?"

"டிசம்பர் கடைசில குடுப்பாக."

"இது வர்றதுக்கு முன்னாடி, இந்த வருஷம் ஆயுத பூஜை எந்தத் தேதின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்குங்க தெரியும்? வருஷா வருஷம் மாறுது. காலண்டர் வந்தாத்தான் தெரியும்."

"அவருக்கும் தெரியல," என்றார் மேடம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூஜையன்று பெட்டியைத் தொடாத ஆள், பூஜையன்றே பதிவு போட்டிருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு அவர் அதைப் போடவில்லை. இந்த நாளில் வெளியாகட்டும் என்று முன்னதாகவே தேதி குறித்து வைத்திருக்கிறார். குறிக்கும்போது அது பூஜை நாள் என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் இந்த வருஷத்துக் காலண்டரே அப்போது வரவில்லை. போன டிசம்பர் கடைசிக்கு முன்னால் எழுதின பதிவு அது. மாப்பிள்ளை காரைக்குடிக்கு வந்ததோ இந்த ஆவணியில்.

"அப்ப யாருமே ரகசியத்த வெளிய விடல," என்றேன். "மனுஷன் உக்காந்து யோசிச்சே கண்டுபிடிச்சிருக்காரு."

"ஆமா. ஆனா சாயங்காலம் கால்ல வர்றவர்ட்ட ஸ்வீட் ஸ்டால் காலண்டரக் காட்ட முடியாது. அந்தப் பக்கத்த உள்ள போயித் தெறந்து, எந்தத் தேதில எழுதினதுன்னு காட்டணும்."

"எழுதினவரக் கண்டுபிடிச்சாத்தான தெறக்க முடியும்?"

மேடம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கார்த்திகையில ஆஸ்பத்திரிக்குப் போனவரு," என்றார். காரைக்குடி வரும்வரை எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் மேடம் பிடித்ததெல்லாம் செத்ததாகச் சொல்லிவிட்டு உயிரோடு திரிந்தவர்களை. இந்தத் தடவை கதை திரும்பிக்கொண்டது.

* * *

சந்திரலேகா அதே நாற்காலியில் இருந்தாள். மேடம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு எழுதுற பக்கம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல.

"ஏன் சொல்லல? காலைலயே சொல்லியிருந்தா இத்தோட முடிஞ்சிருக்கும்."

"சொன்னா பக்கத்த மூடிருவாக," என்றாள். "டாக்டரு நாள் சொல்லிட்டாருன்னதும் அவுக உக்காந்து மொத்தமா எழுதினாக. பத்து மாசத்துக்கு வாரம் ஒண்ணு வர்ற மாதிரி தேதி போட்டு வச்சாக. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. கருமாதி முடிஞ்ச மறுநாளு புதன்கிழம. போன எடுத்தா புதுப் பதிவு வந்து கெடக்கு."

நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல சாப்புடும்போது இதே பேச்சுத்தான்," என்றாள் சந்திரலேகா. "வரப்போற மெஷின்ல இது இருக்குமா, அது இருக்குமான்னு கேப்பாக. நான் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கிற மெஷினா இருக்கும். வாயத் தெறக்க மாட்டேன், வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கம்ல. என் மூஞ்சியவே பாப்பாக. நான் கல்லு மாதிரி உக்காந்து சோறு தின்பேன். சரின்னா சரின்னு சொல்ல வேண்டாம், தப்புன்னா மட்டும் தப்புன்னு சொல்லேன்னு கெஞ்சுவாக. ஒரு நாளும் சொன்னதில்ல." மணமகன் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த மெஷினு அவுக போனதுக்கப்புறம் வந்தது. என் மூஞ்சியப் பாத்துக்கூடக் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"பாஸ்வேர்டு தெரியுமா?"

"தெரியும். இன்னும் ஒரு பதிவு பாக்கி இருக்கு. அடுத்த புதன்கிழம. அதோட முடிஞ்சிரும்."

"அதுல என்ன எழுதியிருக்காரு?"

"படிக்கலிங்க. முன்னாடியே படிச்சுட்டா அப்புறம் புதன்கிழமைக்கு என்ன இருக்கு?"

அந்த ஒரு புதன்கிழமைக்காக வேலையைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சொட்டிய குழாயை இறுக்கி மூடினேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மேடம் முகத்திலும் ஒன்றும் இல்லை.

மேடம் மெதுவாகச் சொன்னார், "நீங்க சொல்லாட்டி உங்க பேருதான் போகும். எழுதுனது உங்க வீட்டுக்காரருதான்னு பின்னாடி தெரிஞ்சா, பொண்டாட்டி பாத்துச் சொன்னா, புருஷன் எழுதுனாருன்னுதான் பேசுவாக. அவரு யோசிச்சது எதுவும் அவரு யோசிச்சதா இருக்காது."

சந்திரலேகா பிளாஸ்திரியின் ஓரத்தை உரித்து, திரும்ப ஒட்டினாள். பிறகு எழுந்தாள். "வாங்க," என்றாள்.

* * *

கம்பெனிக்காரர் சேலத்துப் பக்கத்து ஆள். தமிழ் தெரியும். மணமகன் அறையில் வைத்த லேப்டாப் ஸ்கிரீனில் வந்ததும் வணக்கம் சொன்னார், அதன் பிறகு சிரிக்கவில்லை. சந்திரலேகா பக்கத்தைத் திறந்து காட்டினாள். இந்தப் பத்து மாசத்தில் வந்த ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே எழுதின தேதி இருந்தது. எல்லாம் போன கார்த்திகை. அதன் பிறகு ஒரு எழுத்துக்கூட யாரும் திருத்தவில்லை. மேடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மருதுபாண்டி போன தேதியைச் சொன்னபோது மீனாட்சிசுந்தரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனிக்காரர் வெகுநேரம் அந்தத் தேதிகளையே பார்த்தார். "எங்க டிசைன் டீம்ல இந்த முடிவுக்கு வர ரெண்டு வருஷம் சண்டை நடந்துச்சு," என்றார். "சரி. இவங்க மேல தப்பு இல்லை. மெஷின் அங்கேயே இருக்கட்டும்."

மீனாட்சிசுந்தரம் கைகூப்பினார்.

"ஆனா ஒரு விஷயம். பாக்கி இருக்கிற பதிவை நான் பார்த்தாகணும். அதுலயும் சரியாச் சொல்லியிருந்தார்னா வெளியே விட முடியாது. அழிச்சிடணும்."

"அத நான் இன்னும் படிக்கலிங்க," என்றாள் சந்திரலேகா.

"இப்பப் படிங்க."

மேடம் வாயைத் திறந்தார். சந்திரலேகா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். பதிவைத் திறந்தாள். எங்கள் எல்லோருக்கும் நடுவில், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

"இந்த மெஷினைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பக்கத்துக் கதவு. மெமரியை நாமே வாங்கிச் சொருக இடம் வைக்கிறவன், அந்த இடத்துக்குப் போகிற வழியையும் லேசாக வைப்பான். ஒரே ஒரு கொக்கி. விரலால் தள்ளினால் கதவு கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ கிடையாது, ஸ்க்ரூடிரைவர் கிடையாது. நாள் முழுக்க அதைத் திறந்து மூடுகிறவர்களின் விரலைப் பற்றி அங்கே ஒருத்தனாவது யோசித்திருப்பான். என் வீட்டில் ஒரு விரல் இருக்கிறது. பிளாஸ்திரி இல்லாமல் அதை நான் பார்த்ததில்லை. அந்த விரலுக்காக இதை அடித்துச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் யாராவது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

முடிந்தது.

கம்பெனிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "இது தப்பு. அந்தக் கதவும் அந்த ஸ்க்ரூவும் மாறப்போறதில்லை. தாராளமா வரட்டும். தப்பான வதந்தி நாலு வெளியே சுத்துறது எங்களுக்கு நல்லதுதான்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"சரிங்க," என்றாள் சந்திரலேகா, காலியான ஸ்கிரீனைப் பார்த்து. லேப்டாப்பை மூடினாள். மாப்பிள்ளையின் பக்கவாட்டில் போய் நின்றாள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். "திங்கக்கிழம ஹீட் டெஸ்ட் வைக்கணும் சார்," என்று மீனாட்சிசுந்தரத்திடம் சொல்லிவிட்டு டிபன்பாக்சை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அழாதது எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

* * *

அடுத்த புதன்கிழமை எங்கள் ஆபீசில் வேலை ஒன்றும் இல்லை. செக்காலை ரோட்டில் மிக்சி ரிப்பேர்க் கடை மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கீழே யாரோ ஒரு மிக்சியை ஓடவிட்டு ஓடவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒரு கல்யாண விசாரணைக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். நான் பெட்டிக் கணிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பதிவு வந்தது. சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் பிசகாமல். கொஞ்ச நேரத்தில் கீழே சதீஷ்குமார் வந்து, கொக்கியாவது கத்தரிக்காயாவது என்று நீளமாக எழுதினார். அவருக்கு நாங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று மேடம்தான் சொன்னார். சண்டை போட ஒரு ஆளாவது இருக்கட்டும் என்றார்.

அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. இதுவரை அந்தப் பக்கத்தில் வராத பேர். சந்திரலேகா சொந்தப் பேரிலேயே எழுதியிருந்தாள்.

"தப்புங்க. பதினாறு ஸ்க்ரூ. வெரல் வலிக்குது."

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு எழுந்து போய் மேடத்தின் முன்னால் போனை நீட்டினேன்.

"மேடம், இப்பத்தான் நெசமாவே ரகசியம் வெளிய போயிருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தவுகளே எழுதியிருக்காக. மீனாட்சிசுந்தரத்துக்குப் போன் போடட்டா?"

மேடம் போனை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டில் குனிந்துகொண்டார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தே தெரியல அண்ணே," என்றார்.

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. நான் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கினேன்.